தேவகியின் பாகம்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்துக் குச்சி காய்கிற இடத்தில் ஒரு பேட்டரி வெடித்தால் என்ன ஆகும் என்று எவரோ ஓர் அதிகாரி வந்து மிரட்டிவிட்டுப் போனதிலிருந்து இந்தச் சட்டம். காலையில் வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற முக்கால் மணி நேரத்தைப் பெண்கள் எப்படிக் கழிப்பது? ஊர்ப் பொரணி பேசலாம். ஆனால் நல்ல பொரணி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அதனால்தான் பண்டல் கட்டுகிற பெஞ்சில் நாவல் வந்து உட்கார்ந்தது.

கொண்டுவந்து உட்கார வைத்தவள் பூங்கொடி. வயது நாற்பத்திமூன்று, ஆபீசில் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடையில் தடித் தடியான நாவல்களைக் கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு வருவாள். வாசிப்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கர்வம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்டு. ஒரே ஆள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பேசிக்கொண்டே போகிற நாவல் அவளுக்குப் பிடிக்காது.

"அவன் ஒருத்தன் சொல்லுததையே நம்பணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? நாலு பேரு சொல்லணும். நாலும் நாலு விதமா இருக்கணும். நடுவுல நான் உக்காந்து எவ சொல்லுதது நெசம், எவ பசப்புதான்னு பாக்கணும். அதுலதான் ருசி," என்பாள்.

அப்படி நாலு பேர் சொல்கிற நாவல் ஒன்று ஆடி மாதம் அகப்பட்டது. முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை. பேரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. எழுநூறு பக்கத்துக்கு மேல். பருத்தி மில் முதலாளி ஒருவர் காணாமல் போகிறார். அவர் மனைவி, மூத்த மருமகள், சின்ன மருமகள் தேவகி, லாரி டிரைவர் ஒருவன் என்று நாலு பேர் மாறி மாறி "நான்", "நான்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கு மேலும் சொல்கிறவர் பேர் இருக்கும்.

சாப்பாட்டுப் பையில் அந்தச் செங்கல்லைச் சுமக்க முடியாது. பூங்கொடி பண்டல் தாள் அறுக்கிற கத்தியை எடுத்து நாவலை ஆள்வாரியாகப் பிரித்தாள். நாலு கட்டு, நாலு பெண்கள். முதலாளி மனைவியான கிழவியின் பாகம் பூங்கொடிக்கு. "ஆம்பளை பாகம் எனக்குத்தான்," என்று டிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள் வெயிலம்மாள். ஐம்பது வயது, அவள் பேசினால் மெஷின் சத்தம் அடங்கிவிடும். பி.காம். படித்துவிட்டு பண்டல் கட்ட வந்திருந்த ப்ரியதர்ஷினிக்கு மூத்த மருமகள். மிச்சம் இருந்த தேவகி, மிச்சம் இருந்த இசக்கிச்செல்விக்கு.

இசக்கி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வயது இருக்கும். நாகலாபுரம் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இல்லை, சித்தப்பா கட்டிக்கொடுத்தது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சும்மா இருப்பாள். சாயங்காலம் அவள் புருஷன் முத்துசெல்வம் சுமை ஆட்டோவை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வாசலில் காத்திருப்பான். ஒருநாள் தவறமாட்டான். சுத்தமான சட்டை, நெற்றியில் திருநீறு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு. "கொடுத்து வச்சவ," என்று மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் புருஷன்மார் எந்தக் காலத்தில் வாசலில் வந்து நின்றார்கள்!

பூங்கொடி போட்ட விதிகள் மூன்று. ஒருத்தி பாகத்தை இன்னொருத்தி வாசிக்கக் கூடாது. முந்தின நாள் ராத்திரி வாசித்ததை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாயால் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள மாதிரியே "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்ற மூன்று பேரும் தீர்ப்பு வழங்குவார்கள். இவள் செய்தது சரியா, இனி என்ன செய்ய வேண்டும் என்று. கடைசித் தீர்ப்பு பூங்கொடியுடையது. அப்பீல் கிடையாது.

முதல் மூன்று வாரம் தேவகியைக் கேட்க ஆளில்லை. இசக்கி வாசித்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். தேவகி பட்டுச்சேலை எடுத்தாள், தேவகி சினிமாவுக்குப் போனாள், தேவகிக்கும் மூத்தவளுக்கும் நாய்க்குட்டி வளர்க்கிற விஷயத்தில் சண்டை.

"ஏட்டி, உன் தேவகி உப்புச் சப்பில்லாம இருக்காளே," என்று வெயிலம்மாள் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னாள்.

பூங்கொடி கொஞ்சம் தயவாகச் சொன்னாள். "அப்படி ஒப்பிக்கக் கூடாது இசக்கி. நீயே தேவகின்னு நெனச்சுக்கோ. உன் நெஞ்சுக்குள்ள இருந்து சொல்லு. அப்பதான் எங்களுக்கு ஒட்டும்."

இசக்கி சரி என்று தலையாட்டினாள். அடுத்த திங்கட்கிழமை அவள் முறை வந்தது. சாப்பிட்ட டப்பாவைக் கழுவி மூடிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரர் என்னய அடிக்கவே மாட்டாவ. சத்தம் போடவும் மாட்டாவ. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் என்னய எதிர்ல உக்காத்தி வச்சு, இன்னைக்கு யார்கிட்டப் பேசுன, என்ன பேசுனன்னு கேப்பாவ. நான் சொல்லுவேன். முழுசும் கேட்டுட்டு, ஒண்ணு விட்டுட்டியேம்பாவ. என்னத்த விட்டேன்னு எனக்குத் தெரியாது. ஞாபகம் வருத வரைக்கும் உறங்க விட மாட்டாவ. ஞாயித்துக்கிழம வெளிய போனா வெளிப்பக்கமாப் பூட்டிட்டுப் போவாவ. சாவி ரெண்டும் அவியகிட்டத்தான்."

அவ்வளவுதான்.  வெயிலம்மாள் பல் குத்துவதை நிறுத்தியிருந்தாள்.

"அடி ஆத்தி," என்றாள் ப்ரியதர்ஷினி. "இப்பத்தான் கதை ஆரம்பிக்குது!"

அன்றிலிருந்து தேவகிதான் ராணி. மற்ற மூன்று பாகமும் கறிவேப்பிலை ஆகிவிட்டது. டிரைவர் கொலையே செய்தாலும் வெயிலம்மாள் அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டு, "நீ சொல்லுட்டி" என்று இசக்கி பக்கம் திரும்புவாள். கிழவி பாகத்தை மூன்று நிமிஷத்தில் முடிக்க பூங்கொடியும் கற்றுக்கொண்டாள். இசக்கி எப்போதும் தரையைப் பார்த்துத்தான் சொல்வாள். குரல் ஏறாது, இறங்காது.

ஆவணி பாதியில் அந்த டப்பா வந்தது.

"பருத்திக்கு அடிக்க மருந்து டப்பா ஒண்ணு வாங்கியாந்தாவ. தொழுவத்துலதான வைக்கணும். இவிய அடுப்பங்கரையில, மேல் தட்டுல, ஓரமா வச்சாவ. நான் ஒண்ணும் கேக்கல. மறுநாள் காலையில பாத்தா, ஓரத்துல இருந்தது ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருக்கு. அதுக்கு மறுநாள் இன்னொரு சாண். அவிய அதப்பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாவ. இப்ப எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துல வந்துட்டு."

வெயிலம்மாள் தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு மயிர்க்கூச்செறியுது. எழுதுனவன் சாமானியப்பட்டவன் இல்லட்டி."

"அது குறியீடு அக்கா," என்றாள் பி.காம். "டப்பான்னா டப்பா இல்ல. அவ பயம்தான் நகர்ந்து நகர்ந்து வருது."

"பேசாம இரு. டப்பான்னா டப்பாதான்," என்றாள் வெயிலம்மாள்.

பூங்கொடிக்கு அந்த இடத்தில் ஒன்று உறுத்தியது. உறுத்தாமல் இல்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. அவள் கையில் இருந்த கிழவி பாகத்தில், சின்ன மருமகள் டவுன் பங்களாவில் இருக்கிறாள். சமையலுக்கு ஆள் உண்டு. அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் என்று கிழவி திட்டுகிறாள். தேவகி புருஷன் சத்தம்போட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிற ஆள். இந்தப் பூட்டும் சாவியும் எங்கிருந்து வந்தது? ப்ரியதர்ஷினியும் கேட்டாள். "அக்கா, என் பாகத்துல தேவகி நல்லாத்தான இருக்கா?"

அப்போது பூங்கொடி சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக வாசித்த கர்வமெல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"ஏ கோட்டி, நாலு பேரு சொல்லுத கதைன்னா ஒத்துப்போகவே கூடாது. வெளிய இருந்து பாக்கவளுக்கு அவ புருஷன் பாட்டுப் பாடுதவன். உள்ள இருக்கவளுக்குத்தான் தெரியும் அவன் யாருன்னு. எழுதுனவன் வேணும்னேதான் அப்படி வச்சிருக்கான். இத மாதிரி எத்தன வாசிச்சிருக்கேன் நான்!"

இசக்கி ஒரு நொடி தலையைத் தூக்கி பூங்கொடியைப் பார்த்தாள். மேற்கொண்டு ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பூங்கொடி கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

புரட்டாசி பிறந்தது. மழைக்காக வானத்தைப் பார்த்து ஊர் காத்துக்கிடந்தது. இரண்டாம் வாரம் சனிக்கிழமை தேவகி முறை. இசக்கி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து ரெண்டு வெத்துத் தாள்ல என்னயக் கையெழுத்துப் போடச் சொன்னாவ. எதுக்குன்னு கேட்டேன். எதுக்காவது ஆகும்னாவ. போட்டுக் கொடுத்தேன். டவுன் வேண்டாம், வேலைய விட்டுரு, ஊர்க் காட்டுல நம்ம மோட்டார் ரூம்ல போய் இருப்போம்ங்காவ. அங்கன சுத்துவட்டாரத்துல வீடு கெடையாது. கூப்பிட்டாக் கேக்க ஆள் கெடையாது. டப்பாவ மொதல்லயே கொண்டுபோய் அங்கன வச்சிட்டாவ." தலையைத் தூக்கி மூன்று பேரையும் பார்த்தாள். "போகலாமா வேண்டாமான்னு தெரியல. நீங்க சொல்லுங்க. நான் போகணுமா?"

பெஞ்சில் ஒரே உற்சாகம். "வெத்துத் தாள்ல கையெழுத்தா? யம்மா, கொன்னுட்டான்!" என்று எழுத்தாளரைப் பாராட்டினாள் வெயிலம்மாள். ப்ரியதர்ஷினி மட்டும், "பாவம்க்கா, போக வேண்டாம். ஓடிப்போயிரட்டும்," என்றாள்.

எல்லோரும் பூங்கொடியைப் பார்த்தார்கள். அவள் நிதானமாக, ஒரு ஜட்ஜ் மாதிரி, டம்ளர்த் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"போகணும். போகலேன்னா கதை இங்கனயே படுத்துரும். இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்தது எதுக்கு? அந்த மோட்டார் ரூமுக்குள்ள என்ன நடக்குன்னு நமக்குத் தெரியணும்லா. போகட்டும்."

"போ தேவகி, போ!" என்று வெயிலம்மாள் கையைத் தட்டினாள்.

இசக்கி எழுந்தாள். தன் பையிலிருந்து தேவகி பாகத்தை எடுத்து பூங்கொடி கையில் கொடுத்தாள். "இத நீங்க வச்சிருங்கக்கா," என்றாள். மீதியை நீயே வாசித்துக்கொள் என்கிறாளோ என்று பூங்கொடி நினைத்தாள். விதியை மீற அவளுக்கு மனமில்லை. கட்டை அப்படியே பண்டல் தாள்களுக்கு அடியில் சொருகி வைத்தாள்.

திங்கட்கிழமை இசக்கி வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். அவள் உடம்பைப் பற்றிய கவலையைவிட மோட்டார் ரூமைப் பற்றிய அரிப்புத்தான் அதிகமாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் வெயிலம்மாளால் தாங்க முடியவில்லை.

"சட்டமாவது சாஸ்திரமாவது, எடு அந்தக் கட்டை. மோட்டார் ரூம்ல என்ன ஆச்சுன்னு வாசி."

பூங்கொடி எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். பட்டுச்சேலை வந்தது. சினிமா வந்தது. நாய்க்குட்டிச் சண்டை வந்தது. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் தேவகி குற்றாலத்துக்குப் போய் அருவியில் குளிக்கிறாள், புருஷன் கரையில் நின்று பாடுகிறான். அதற்கு அடுத்த பக்கங்கள் திரும்பவில்லை. பழைய பசை ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எத்தனையோ வருஷமாக யாரும் பிரிக்காத பக்கங்கள். பூங்கொடி நகத்தால் கிழித்துக் கிழித்துப் பார்த்தாள். சாவி இல்லை. டப்பா இல்லை. கையெழுத்து இல்லை. மோட்டார் ரூம் இல்லவே இல்லை.

"வேற கட்டா இருக்கும், நல்லாப் பாரு," என்றாள் வெயிலம்மாள்.

"இதான்."

"அப்ப அவ சொன்னது?"

பூங்கொடி கட்டை மூடி வைத்தாள்.  ஆறு வாரமாக ஒருத்தி எதிரில் உட்கார்ந்து "நான்", "நான்" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

ப்ரியதர்ஷினிதான் முதலில் அழுதாள். "அவ நம்மகிட்டக் கேட்டா அக்கா. போகணுமான்னு கேட்டா."

சூப்பர்வைசர் லிங்கராஜிடம் ஓடினார்கள். அவர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பிள்ள இனி வராது. அவ வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமயே போன் போட்டுச் சொல்லிட்டாரு. ஊர்ல விவசாயம் பாக்கப் போறாவளாம். மரியாதையான மனுஷன்."

"அண்ணாச்சி, அவ நம்பர் கொடுங்க."

"அவளுக்கு ஏது போனு? வீட்டுக்காரர் நம்பர்தான் கொடுத்திருக்கு."

இத்தனை மாதமாக வாசலில் போன் வாங்குகிற வரிசையில் இசக்கி நின்றதே இல்லை என்பது அப்போதுதான் பூங்கொடிக்கு உறைத்தது. வாட்ச்மேனிடமிருந்து தன் போனை வாங்கி அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே முத்துசெல்வம் எடுத்தான். இவள் தன் பேரைச் சொன்னாள்.

"சொல்லுங்கக்கா, நல்லாருக்கியளா?" குரலில் அவ்வளவு பணிவு.

"இசக்கி இருக்காளா தம்பி?"

"தூங்குதாக்கா. ரொம்ப நேரமாத் தூங்குதா."

"கொஞ்சம் எழுப்பிக் கொடுங்களேன். ஒரு வார்த்த கேக்கணும்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நடந்து போகிற சத்தமோ, கதவு திறக்கிற சத்தமோ இல்லை. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டுச் சொன்னான். "எந்திரிக்க மாட்டேங்கா அக்கா. எந்திரிச்சாச் சொல்லுதேன்."

லைன் போய்விட்டது. திரும்பப் போட்டபோது சுவிட்ச் ஆஃப்.

இசக்கி வேலைக்குச் சேரும்போது கொடுத்த ரேஷன் கார்டு நகலில் ஊர் பேர் இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பூங்கொடியும் வெயிலம்மாளும் கிளம்பினார்கள். எட்டயபுரத்தில் ஒரு பஸ், விளாத்திகுளத்தில் ஒரு பஸ் என்று மாறினார்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் கரிசல். கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை இல்லை.

வெயிலம்மாள் வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திடீரென்று பூங்கொடி கையைப் பிடித்தாள். 

"ஏட்டி, இப்ப காட்டுல என்ன வெள்ளாமை கெடக்கு? இனிமேத்தான விதைக்கணும். பருத்தி மொளைச்சு, எல விட்டு, புழு விழுந்தாத்தான மருந்து? மார்கழி ஆகும். ஆவணி மாசத்துல எவன் மருந்து டப்பா வாங்குவான்?"

இரண்டு பேரும் காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தவர்கள். பருத்திக்கு எப்போது மருந்து அடிப்பார்கள் என்பது அவர்களுக்கு அரிசி களைகிற மாதிரி தெரிந்த விஷயம். வேறு யாராவது, வேறு எங்கேயாவது சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கேட்டிருப்பார்கள். கதை என்றதும் பருவத்தைக்கூட மறந்துபோனார்கள்.

"நம்மகிட்ட நேர சொல்லிருக்கலாம்லா," என்றாள் வெயிலம்மாள், தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொள்கிற குரலில்.

"நேர சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?"

"சாயங்காலமே வாசல்ல வச்சு அவன் சட்டையப் பிடிச்சிருப்பேன்."

"ராத்திரி அவ அவன்கூடத்தானட்டி போகணும்?"

 ஆறு வாரம் யோசிக்காததையெல்லாம் இப்போது பஸ்ஸில் யோசித்து என்ன பிரயோஜனம் என்று பூங்கொடிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. நாலு பேர் சொல்வதில் எவள் சொல்வது நிஜம் என்று கண்டுபிடிக்கிற சாமர்த்தியசாலி அவள்! அழுதுவிடலாம் போல் இருந்தது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

ஊர் மடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கை நீட்டி வழி காட்டினார். "முத்துசெல்வம் காடா? ஓடையத் தாண்டி அரை மைல் போகணும். மோட்டார் கெட்டு வருஷம் அஞ்சாச்சே. அங்கன என்னத்துக்கு?"

வண்டிப் பாதையில் நடந்தார்கள். நடை பாதியில் ஓட்டமாக மாறியது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை தூரத்தில் தெரிந்தது. சுற்றிலும் ஒரு வேலி இல்லை, ஒரு கோழி இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் முத்துசெல்வம் உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. வருகிறவர்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது.

"வாங்கக்கா. இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கிய. தண்ணி குடிக்கியளா?"

"இசக்கிய எங்க?"

"உள்ளதான் இருக்கா."

"எதுக்குக் கொண்டி போட்டிருக்கிய?"

"நாய் உள்ள போயிருதுக்கா," என்று சிரித்தான். நாய் எதுவும் அங்கே இல்லை.

"ஏட்டி இசக்கி!" என்று வெயிலம்மாள் போட்ட சத்தத்தில் தகரமே அதிர்ந்திருக்கும். உள்ளேயிருந்து பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை.

 பூங்கொடி அவனைத் தாண்டிப் போனாள். அவன் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. அவன் சட்டையில் தோள் உரசத்தான் போக வேண்டியிருந்தது. வெயிலம்மாள் ஐந்தடி தள்ளி நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினாள். "போலீஸ் ஸ்டேஷனா? ஆமா, ஊர் பேரு சொல்லுதேன், எழுதிக்கோங்க. ஆளு பேரு முத்துசெல்வம்!"

"நான் கையக்கூட வச்சதில்லக்கா. கேட்டுப் பாருங்க," என்று அவன் பூங்கொடியின் முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னான். "நான் எதையும் செய்யச் சொல்லி அவளக் கட்டாயப்படுத்துனதே இல்ல."

பூங்கொடி கொண்டியைத் தள்ளினாள்.

உள்ளே புழுக்கம். துருப்பிடித்த மோட்டாருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, இசக்கி உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. கண் திறந்திருந்தது. பூங்கொடிக்கு அந்தக் கண் ஒரு தடவை இமைத்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இசக்கிக்கு முன்னால் தரையில் ஒரு டம்ளர் நிறைய மோர். ஓரத்தில் ஈ மொய்க்கவில்லை. டம்ளருக்கு அந்தப் பக்கம், மடித்து வைத்த ஒரு தாள், அடியில் இசக்கியின் கையெழுத்து தெரிந்தது.

"இசக்கி! கூப்பிட்டது கேக்கலயா?"

"கேட்டுச்சுக்கா. பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காவ." மத்தியானப் பெஞ்சில் சொல்கிற அதே குரல். ஏறவில்லை, இறங்கவில்லை. "நீங்க போகச் சொன்னிய. வந்துட்டேன். காலையில இத வச்சிட்டு, உனக்கே தெரியும்னு சொல்லிட்டுக் கதவ அடைச்சிட்டுப் போனாவ. குடிக்கணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. எப்பவும் உங்ககிட்டத்தான கேப்பேன். இங்கன யார்கிட்டக் கேக்கன்னு தெரியாம அப்பயே புடிச்சு உக்காந்திருக்கேன். நீங்க சொல்லுங்கக்கா."

கதவில் நிழல் விழுந்தது. முத்துசெல்வம் வந்து நின்றுகொண்டு, அவனும் பதிலைக் கேட்கக் காத்திருக்கிறவன் மாதிரி பூங்கொடியைப் பார்த்தான்.

ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தீர்ப்பு வைத்திருந்தவள் இந்தத் தடவை ஜட்ஜ் மாதிரி நிதானிக்கவில்லை.  மண்டியிட்டு, டம்ளருக்கும் இசக்கிக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

"வேண்டாம் தாயி. குடிக்க வேண்டாம். தொடவும் வேண்டாம்."

"சரிக்கா," என்று இசக்கி உடனே எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குடி என்று சொல்லியிருந்தாலும் இதே மாதிரி சரியென்று குடித்திருப்பாள் என்பது பூங்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது.